சர்வரும் கண்டக்டரும்

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் அன்று அந்தப் பேருந்தில் இல்லை. அவருக்கும் வேறு யாரோ சொன்னதுதான். அதனால் வார்த்தைக்கு வார்த்தை இப்படித்தான் பேசிக்கொண்டார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. கேட்டபடி எழுதுகிறேன். சரிபார்க்க முடிந்த ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன்.

உடுமலையில் ஒரு துணிக்கடையின் மாடியில் ஆறு பேர் வேலை பார்க்கும் சிறிய மென்பொருள் அலுவலகம் இருந்தது. அதை நடத்தியவர் பர்வீன். வயது இருபத்தொன்பது. அங்கே வேலை கற்றுக்கொள்ள வந்தவர் வெள்ளியங்கிரி. வயது நாற்பத்தொன்று. பதினாறு வருடம் தனியார் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். டிரிப்புக்கும் டிரிப்புக்கும் நடுவே படித்து, அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியிருந்தார். அவர் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் பட்டம் வாங்கியதில்லை.

பர்வீனை அவர் மேடம் என்பார். பர்வீன் அவரை அண்ணா என்பார். இதில் யார் குரு, யார் சீடர் என்று புதிதாக வருகிறவர்களுக்கு விளங்க இரண்டு நாள் ஆகும்.

ஆறு மாதம் பார்த்துவிட்டு வேலையை உறுதி செய்வதாகப் பேச்சு. அந்த ஆறு மாதம் அந்த வார வெள்ளிக்கிழமையோடு முடிய இருந்தது. "பஸ் ஓனர் இன்னும் உங்க எடத்துக்கு ஆள் போடலையாமா" என்று அவர் மனைவி தினமும் சொன்னாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். கேட்கும்போதெல்லாம் அவர் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அவர் கையில் இருந்த வேலை ஒரு தர்ம கண் ஆஸ்பத்திரிக்கானது. நோயாளிகள் போனிலேயே முன்பதிவு செய்துகொள்ள நான்கு பக்கம் கொண்ட ஒரு படிவம். போனுக்குப் பதில் சொல்லும் மையக் கணினியைச் சர்வர் என்பார்கள்.

"மேடம், ஒரு சந்தேகமுங்க."

"கேளுங்கண்ணா."

"ஆளு நம்பர் போட்டு, ஓடிபி போட்டு உள்ள வந்துடறாருங்க. அடுத்த பக்கம் போறதுக்குள்ள சர்வர் அவரை மறந்துடுது. பட்டனைத் தொட்டா ஒவ்வொரு தடவையும் புது ஆளாட்டமே பார்க்குது. ஒருக்கா தெரிஞ்சுக்கிட்ட ஆளை மறக்காம இருக்கறது எப்படீங்க?"

"பஸ்ஸுல நீங்க எப்படி மறக்காம இருந்தீங்க?"

வெள்ளியங்கிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூஞ்சியப் பார்த்தாலே தெரியுமுங்க. தொண்ணூறு பேர் ஏறினாலும் யாருக்கு டிக்கெட் போட்டேன், யாருக்குப் போடலைன்னு மனசுல நிக்கும். என்னை ஏமாத்துனவன் ஒருத்தனும் இல்லீங்க."

"அப்ப அப்படியே எழுதுங்க."

அப்படியே எழுதினார். வருகிற ஒவ்வொரு போனுக்கும் உள்ள இணைய எண்ணை முகமாக வைத்துக்கொண்டார். உள்ளே வந்தவர்களின் பட்டியலைச் சர்வரின் நினைவிலேயே வைத்தார். அவருடைய கணினியில் வெண்ணெய் மாதிரி ஓடியது.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் வெள்ளோட்டம். கூட்டம் தாங்குவதற்காக அங்கே இரண்டு சர்வர்கள் இருந்தன. படிவத்தின் ஒரு பக்கம் ஒன்றிடம் போகும், அடுத்த பக்கம் மற்றதிடம் போகும். பதினொரு மணிக்கு வரவேற்பில் இருக்கும் ரோஸ்லின் சிஸ்டர் போன் செய்தார்.

"அண்ணா, யாரு நீ, யாரு நீன்னு மூணு தடவை கேட்டுருச்சு. எங்க மாமியாரே ஒருக்காதான் கேட்டாங்க."

"என் கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுச்சுங்களே, சிஸ்டர்."

"அப்ப அதைத் தூக்கிட்டு வாங்க. இங்க லாரி டிரைவர் ஒருத்தர் ஒரு கண்ணுல கட்டுப் போட்டுக்கிட்டு நாலாவது ஓடிபியைத் தேடிட்டு இருக்கார். வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா பழைய நோட்டுக்கே போயிடலாம்னு பெரிய டாக்டர் சொல்லிட்டார்."

மறுநாள் காலை பர்வீன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "வாங்கண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடலாம்."

"வண்டி எடுக்கட்டுங்களா?"

"பஸ்ஸுல போலாம்."

அது வெள்ளியங்கிரியின் பழைய தடம். கண்டக்டருக்கு அவரைக் கண்டதும் வாயெல்லாம் பல். "அட, கம்ப்யூட்டர் சாரு! ஏறுங்க, ஏறுங்க. உங்களுக்கெல்லாம் டிக்கெட்டு எதுக்கு?"

வெள்ளியங்கிரி விடாப்பிடியாக இரண்டு டிக்கெட் வாங்கினார். தன்னுடையதை மடித்து வாட்ச் பட்டைக்குள் செருகினார். பர்வீன் கண்டக்டரிடம் ஊர் கேட்டார், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். அவர் நகர்ந்ததும் தன் டிக்கெட்டைச் சுருட்டி சன்னல் வழியே எறிந்தார்.

"மேடம், டிக்கெட்!" வெள்ளியங்கிரியின் கை தன்னால் சன்னலுக்குப் போய்விட்டது.

"இருக்கட்டுங்கண்ணா. அதான் அவரு என் மூஞ்சியப் பார்த்துட்டாரே."

பாதி வழியில் ஒரு நால்ரோட்டில் கண்டக்டர் மாறுவார். சாப்பாட்டு முறை. இறங்குகிறவர் பையையும் வேபில்லையும் ஏறுகிறவரிடம் கொடுப்பார். எந்த ஊரில் எந்த எண் வரை டிக்கெட் கிழித்தாயிற்று என்று குறித்த தாள்தான் வேபில். விசில் மட்டும் அவரவருடையது.

ஏறியவர் புது ஆள். நேராகப் பர்வீனிடம் வந்தார்.

"டிக்கெட்டம்மா."

"வாங்கிட்டேங்க."

"காட்டுங்க."

"கையில இல்ல. இப்ப இறங்கினாரே, அவருக்கு என்னை நல்லாத் தெரியும்."

"அவருக்குத் தெரிஞ்சு நான் என்னம்மா பண்றது? அவரு அங்க சோத்துல ரசம் ஊத்திட்டு இருப்பாரு."

பேருந்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். "பார்த்தா படிச்ச புள்ளையாட்டம் இருக்குது" என்றாள் பின்சீட்டுக்காரி. வெள்ளியங்கிரி வாயைத் திறந்தார். பர்வீன் அவர் கையை லேசாகத் தட்டிவிட்டு, புதிதாக ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டார்.

வெள்ளியங்கிரி தன் வாட்சைப் பார்த்தார். மணி பார்க்கவில்லை. பட்டைக்குள் இருந்த டிக்கெட்டைப் பார்த்தார். ஆஸ்பத்திரி வரும்வரை கையை அதன் மேலிருந்து எடுக்கவில்லை.

அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் மாற்றி எழுதினார். உள்ளே வந்ததும் நோயாளியின் பதிவு எண்ணை அவர் போனிலேயே ஒரு சிறு குறிப்பாக வைத்துவிடுவது. குக்கீ என்பார்கள். அடுத்த பக்கம் எந்தச் சர்வரிடம் போனாலும் போன் அந்த எண்ணைக் காட்டும். சர்வர் உள்ளே விட்டுவிடும்.

ரோஸ்லின் சிஸ்டரிடமிருந்து செய்தி வந்தது. "மாமியார் திருந்திட்டாங்க அண்ணா."

அன்று வெள்ளியங்கிரி வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனாராம்.

வியாழன் காலை பர்வீன் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் பெயரில் ஒரு பதிவு போட்டு உள்ளே போனார். குக்கீயைத் திறந்தார். அதில் 119 என்று இருந்தது. ஒன்பதை எட்டாக்கினார்.

திரையில் லாரி டிரைவரின் பக்கம் வந்தது. இடது கண்ணில் புரை. சர்க்கரை உண்டு. அதற்குக் கீழே ரோஸ்லின் சிஸ்டர் தட்டிய ஒரு வரி: லாரி ஓனரிடம் தானே சொல்லிக்கொள்வார், நாம் சொல்ல வேண்டாம்.

பர்வீன் உடனே அதை மூடினார்.

வெள்ளியங்கிரியின் முகம் வெளுத்துவிட்டது. "டிக்கெட்டை ஆளு கையிலதானுங்களே கொடுத்தேன்?"

"பேனாவையும் சேர்த்துக் கொடுத்துட்டீங்க."



"மேடம், முன்ன ஒருக்கா காலேஜ் பையன் ஒருத்தன் பழைய டிக்கெட்டுல நம்பரைத் திருத்திக் கொண்டாந்தானுங்க. மூணை எட்டாக்கியிருந்தான். கண்ணுல ஒத்திக்கற மாதிரி அம்புட்டு அழகா."

"விட்டுட்டீங்களா?"

"எங்கீங்க விடறது? வேபில்லைப் பார்த்தேன். அன்னிக்கு அந்த நம்பரே நாங்க கிழிக்கல."

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். பர்வீன் நாற்காலியிலிருந்து எழுந்து அவருக்கு இடம் விட்டார்.

அவர் சாயங்காலம்வரை எழவில்லை. இப்போது போனுக்குக் கொடுத்தது யாராலும் ஊகிக்க முடியாத, அர்த்தமில்லாத நீண்ட எழுத்துக்கோவை. எந்தக் கோவை எந்த நோயாளிக்குக் கொடுத்தது என்ற பட்டியல் இரண்டு சர்வர்களும் எட்டிப் பார்க்கிற பொது இடத்தில் இருந்தது. பட்டியலில் இல்லாததைக் காட்டினால் கதவு திறக்காது. முடித்ததும் தானே உட்கார்ந்து இருபது முறை ஒவ்வொரு எழுத்தாக மாற்றிப் பார்த்தார். இருபது முறையும் வெளியே தள்ளியது. தள்ளத் தள்ளச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை அறுபத்து மூன்று பேர் முன்பதிவு செய்தார்கள். ஒருவரையும் இரண்டாம் முறை யார் என்று கேட்கவில்லை. நடுவில் ஒரு சர்வரைப் பர்வீன் வேண்டுமென்றே நிறுத்தினார். ஆஸ்பத்திரியில் யாருக்கும் அது தெரியவே இல்லை. பெரிய டாக்டர் நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டதாக ரோஸ்லின் சிஸ்டர் சொன்னார்.

நாலு மணி டீ வந்தது. பர்வீன் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு வெள்ளியங்கிரியின் மேசையில் வைத்தார். அவர் அதை இரண்டு முறை படித்தார். மடித்தார். வாட்ச் பட்டைக்குள் அது போகாது. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்புறமும் அவர் ஏதோ யோசனையிலேயே இருந்தார்.

"என்னண்ணா?"

"ஒண்ணுமில்லீங்க மேடம். எல்லாம் நல்லா ஓடுது. ஆனா சர்வர் இன்னமும் மறந்துட்டேதான் இருக்குது. அறுபத்து மூணு பேரு வந்துட்டுப் போனாங்க, ஒரு மூஞ்சி அதுக்கு நினைவில்ல. நான் மொதல்ல கேட்டது மறக்காம இருக்கறது எப்படீன்னுதானுங்களே?"

பர்வீன் டீயை ஒரு வாய் குடித்தார்.

"பதினாறு வருசத்துல எத்தனை பேருக்கு டிக்கெட் போட்டிருப்பீங்க?"

"அதுக்குக் கணக்கு ஏதுங்க?"

"மூஞ்சி எல்லாம் ஞாபகம் இருக்கா?"

"வண்டியில இருக்கறவரைக்கும் இருக்குமுங்க. அப்புறம் எங்கீங்க?"

"அவங்க எல்லாம் ஊர் போய்ச் சேர்ந்தாங்களா இல்லையா?"

வெள்ளியங்கிரி டீ ஆறுவது தெரியாமல் சன்னல் வழியே கீழே போகும் பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நான் அதே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரமே அந்த நிரலைத் திறந்து பார்த்தேன். பட்டியல் இருக்கிறது. அதில் கோவையும் பதிவு எண்ணும்தான், ஒருவர் பெயரும் இல்லை. ஒரு நாள் கடந்த வரிகள் தாமாகவே அழிந்துவிடுகின்றன. பட்டியலுக்கு வேபில் என்றுதான் வெள்ளியங்கிரி பெயர் வைத்திருக்கிறார்.