இறால் சட்டித் தண்ணீர்

கொடுவா மீனுக்கு ஏக மிடுக்கு. செத்த இறாலை மோந்துகூடப் பார்க்காது. தூண்டில் முள்ளில் இறால் உயிரோடு துள்ளினால்தான் வாயைத் திறக்கும்.

அதனால் முகத்துவாரக் கரையில் வள்ளிக்கொடி தூண்டில் போடும்போது, இறால் சட்டியைக் காப்பது தணிகாசலத்தின் வேலை. வெயிலில் தண்ணீர் சுட்டால் இறால் செத்துப்போகும். சிரட்டையால் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

வள்ளிக்கொடியிடம் தூண்டில் கற்க வந்த மனிதர், வேறு என்னென்னவோ கேட்க ஆரம்பித்து அப்படியே சீடராகிவிட்டார். குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபத்திரண்டு. ஊரார் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவர் மனசு கொஞ்சம் ஆறிய இடம் அது ஒன்றுதான்.

வீட்டில் அவர் மனைவி ரஞ்சிதம் படுத்த படுக்கை. அன்று அவர் முகம் சரியில்லை.

"என்னய்யா, தூங்கலியா?"

"நாலு வருஷமா எங்கம்மா தூங்குறேன்? பகல்ல மட்டும் ரஞ்சிதத்தோட தங்கச்சி வந்து பாத்துக்குறா. மத்த நேரமெல்லாம் புரட்டிப் படுக்கவைக்கிறது, தொடைக்கிறது, கஞ்சி ஊட்டுறது எல்லாம் நான்தான். கட்டுன புருசன்னுகூட அவளுக்குத் தெரியல. இனி எந்திரிக்க மாட்டாள்னு டாக்டரும் கையை விரிச்சிட்டாரு."

வள்ளிக்கொடி ஓர் இறாலின் வாலோரம் முள்ளைக் கோத்து வீசினாள்.

"அலுத்துப்போச்சும்மா. நாளையிலேருந்து கஞ்சி ஊட்டாம விட்டுடலாமான்னுகூடத் தோணுது. பொழைக்காத உசுருக்கு எதுக்கு இந்தப் பாடு? நீங்கதான் சொல்லணும்."

"மொதல்ல தண்ணிய மாத்துங்க. சுடுது."

அவருக்குச் சுருக்கென்றது. மனசு விட்டுக் கேட்டதற்கு இதுவா பதில்? ஆனாலும் சிரட்டையை எடுத்தார்.

வெயில் ஏறியது, இறங்கியது. கொடுவா எட்டிப் பார்க்கவில்லை. பொழுது சாயும்போது வள்ளிக்கொடி தூண்டிலைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

"இன்னிக்கு அவ்வளவுதான். இனி வராது."

தணிகாசலம் தலையாட்டினார். உட்கார்ந்த இடத்திலேயே சட்டித் தண்ணீரை இறைத்துக் கொட்டினார். புதுத் தண்ணீர் மொண்டு ஊற்றினார். மறுபடி இறைத்தார். தோள்பட்டை வரை வலித்தது.

"மீன்தான் இல்லைன்னு ஆயிடுச்சே. இன்னும் எதுக்கு மாத்துறீங்க?"

"உசுரோட இருக்குதேம்மா. எப்படி விடுறது?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. சிரட்டையைப் பிடித்தபடியே வாய்விட்டு அழுதார்.

வள்ளிக்கொடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் கையிலிருந்து சிரட்டையை வாங்கிக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் சாஞ்சு படுங்கய்யா. நான் மாத்துறேன்."