ஆறு தாண்டிய மருதி

பாறையாற்றின் இக்கரையில் ஒரு மான் கூட்டம் மேய்ந்துவந்தது. அதில் மருதி என்ற பெண்மானுக்கு அது தலைப்பிரசவம். ஆளாளுக்கு அவளைத் தாங்கினார்கள். ஆளாளுக்கு யோசனையும் சொன்னார்கள். யோசனை சொல்லக் காசா, பணமா!

பேறுகாலத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஒருநாள் விடிந்ததிலிருந்தே மருதிக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. முகம் ஊதிப்போயிருந்தது.

“அத்தை, தலைவலி தாங்கல! கண்ணுல பூச்சி பறக்குது! புல்லு எது, கல்லு எதுன்னு தெரியல!” என்றாள்.

மாமியார் பேச்சிக்கு எதற்கும் ஒரே பதில்தான். “கண்ணு பட்டிருக்கு! மூஞ்சியில களை கூடிப்போச்சுல்ல? சுத்திப் போட்டா சரியாயிடும்!”

“இது களை இல்லை அத்தை, வீக்கம்!”

“மாசமா இருந்தா வீங்கத்தான் செய்யும். நான் அஞ்சு பெத்தவ, எனக்குத் தெரியாததா?”

பேச்சி நல்ல மனசுக்காரிதான். உப்பு மண்ணும் காட்டு மிளகாயும் கொண்டுவந்து மருமகளைச் சுற்றிப் போட்டாள். மிளகாய் நெடியில் மருதிக்குத் தும்மல் வந்தது. தலைவலி அசையவில்லை.

“நான் அக்கரைக்குப் போறேன். மருத்துவச்சி கரடியம்மாவைப் பார்க்கணும்!” என்று எழுந்தாள் மருதி.

கூட்டமே பதறியது. “வயித்துப்பிள்ளைக்காரி ஆறு தாண்டக் கூடாதுடி!”

மருதிக்கும் பயம்தான். ஆனால் கூடாது என்று சொல்கிற யாரும் அவளுக்குப் பதிலாக இந்த வலியைத் தாங்கப் போவதில்லை. குட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால் சேர்ந்து அழுவார்கள், அவ்வளவுதான்.

“உள்ள இருக்கறது என் குட்டி. பழி வந்தா என் மேலயே வரட்டும். வழி விடுங்க!”

தண்ணீரில் கால் வைத்துவிட்டாள். எதிர்க்கரை அவள் கண்ணுக்கு வெறும் வெள்ளையாகத் தெரிந்தது. அதுவரை அம்மா முகத்தையும் மனைவி முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த சடையன் சட்டென்று ஆற்றில் குதித்தான்.

“அம்மா, நீ திட்டறதை வந்து வாங்கிக்கறேன்! மருதி, என் முதுகுல தலையைச் சாய்ச்சுக்கோ. நான் போற வழியிலயே வா!”

ஆற்றின் இழுப்புக்கு அவன் தன் உடம்பைக் குறுக்கே கொடுத்தான். அவள் விடாமல் நீந்தினாள்.

கரடியம்மா ஒரு பார்வைதான் பார்த்தாள். “இது கண்ணேறும் இல்லை, காத்துக்கருப்பும் இல்லை. ரத்தக் கொதிப்பு! இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வலிப்பு வந்து ரெண்டு உசிரும் போயிருக்கும்!”

மருந்து கொடுத்துப் படுக்கவைத்தாள். பக்கத்தைவிட்டு நகரவே இல்லை. குட்டி முன்கூட்டியே பிறந்தது. எலும்பும் தோலுமாக இருந்தாலும், அது போட்ட சத்தத்தில் இக்கரையில் நின்றிருந்த பேச்சி வாய்விட்டு அழுதுவிட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில், மாசமாக இருந்த பூவாயி என்ற மான் மருதியிடம் மெல்ல வந்து சொன்னாள்: “நேத்திலிருந்து குட்டி அசையவே இல்லைக்கா.”

“தூங்குதோ என்னமோ...” என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

“வாயை மூடுங்கடி!” என்று சீறினாள் பேச்சி. “பூவாயி, என்ன பார்த்துக்கிட்டு நிக்கறே? இறங்கு! நானும் வர்றேன்!”

பேச்சியே முதலில் ஆற்றில் இறங்கினாள்.

பிள்ளை சுமப்பவள் உடம்பில் ஏதோ சரியில்லை என்று சொன்னால், யோசனை சொல்வதை நிறுத்திவிட்டு அவளை உடனே மருத்துவரிடம் கூட்டிப்போவதுதான் உண்மையான அன்பு.