தண்ணியக் கூப்பிட்ட திசை

"டீச்சர், விக்காவுக்கு வந்துட்டா எங்க பச்சையம்மாவ விட்டுடணுமா?"

கொளஞ்சி இப்படிக் கேட்டப்ப ஆக்னஸ் கடற்கரை மணல்ல உக்காந்து வேர்க்கடலை உரிச்சிட்டு இருந்தா.

கேட்டவனுக்கு நாப்பத்தாறு வயசு. டிரைவிங் ஸ்கூல் வச்சு ஊருக்கே பிரேக் போடக் கத்துக் குடுத்தவன். வாய்க்கு மட்டும் பிரேக் கிடையாது.

குரு ஆக்னஸோ சின்னப் பொண்ணு. இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனா. போன எடத்துல நிலாவயும் கொம்பு வச்ச ஒரு சாமியயும் கும்புடுற சின்ன கூட்டத்துல சேந்தா. வட்டம் போடவும் திசைகளக் கூப்பிடவும் கத்துக்கிட்டுத் திரும்பி வந்தா. அந்த வழிக்குப் பேருதான் விக்கா.

இவன் அவள டீச்சர்ம்பான். அவ இவன அண்ணேம்பா. வயசுக் கணக்கு அதோட தீந்துச்சு.

அன்னைக்கு மாசி மகம். கடலூர் பக்கத்துக் கரை முழுக்க சாமிங்க. டிராக்டர்ல வந்த சாமி, மினி லாரில வந்த சாமி, தோள்லயே வந்த சாமி. காலையிலயே எல்லாம் கடல்ல குளிச்சாச்சு. பொழுது சாய ஒரு தீபாராதன காட்டிட்டு ஊருக்குத் தூக்கணும்.

கொளஞ்சி குடும்பத்துப் பச்சையம்மாவும் அந்த வரிசையில இருந்தா. கூப்பிடு தூரம்.

"என்னாச்சு இப்ப?" ஆக்னஸ் கேட்டா.

"தம்பி அஞ்சாப்புலி வந்தான். 'வந்து தோள் குடு'ன்னான். 'நான் இன்னைக்கு வேற எடத்துல சேரப் போறேன்டா'ன்னேன். 'ஏண்ணே, சாமிய மாத்துறதுக்கு அது என்ன சிம் கார்டா?'ன்னுட்டான்."

"அப்புறம்?"

"இன்னைக்கு வரலன்னா இனிமே அவ பல்லக்கத் தொடவே கூடாதாம்."

கொளஞ்சி சிரிச்சான். கண்ணு சிரிக்கல.

ஆக்னஸும் அவனுக்கு ஒரு வாக்கு குடுத்திருந்தா. இன்னைக்கு நெலா ஏறுறப்ப அவன் நாலு திசையயும் கூப்பிடணும். அதுங்க வந்தா, அவன உள்ள சேத்துக்குவா. எத்தனயோ மாசமா அவன் இதுக்குத்தான் காத்துக் கெடந்தான்.

"பேகன்னா என்ன, விக்கான்னா என்ன, சொல்லுங்க." பரீட்ச மாதிரி கேட்டா ஆக்னஸ்.

"ப்பூ. இதுவா? பேகன்ங்கிறது டிபன். விக்கா இட்லி. இட்லி எல்லாம் டிபன்தான், டிபன் எல்லாம் இட்லி இல்ல. மரத்தக் கும்புடுறவன், இடியக் கும்புடுறவன், என்னைக்கோ மறந்துபோன சாமிய எழுப்பி உக்கார வச்சுக் கும்புடுற வெள்ளக்காரன், எல்லாம் பேகன். அந்தப் பந்தியில நாம ஒரு தட்டு. அதுவும் நேத்து ஊத்துன இட்லி. எங்க தாத்தாவ விட வயசு கம்மி."

"பச்சையம்மா?"

கொளஞ்சி பல்லக்குப் பக்கம் திரும்பினான்.

"அவ பொங்கல், டீச்சர்." மெதுவாத்தான் சொன்னான். "அவளுக்கு இப்படி ஒரு ஹோட்டல் இருக்கறதே தெரியாது."

ஆக்னஸ் கடல தோலியத் தட்டிட்டு எந்திரிச்சா.

"வாய்க்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. வாங்க. கூப்பிடுங்க."

கருப்புப் பிடி போட்ட கத்திய எடுத்தா. மணல்ல பெருசா ஒரு வட்டம் கீறினா. ரெண்டு பேரும் உள்ள நின்னாங்க. அவன் கையில ஒரு கிண்ணம் குடுத்தா.

கொளஞ்சி தொண்டையச் செருமிக்கிட்டான். பாடம் தலகீழா வரும் அவனுக்கு.

கெழக்கப் பாத்து நின்னான். எதிர்ல கடல், கண்ணுக்கு எட்டுற வரைக்கும்.

"காத்தே, வா!"

தெக்கப் பாத்தான். "நெருப்பே, வா!"

மேக்க திரும்பினான். சவுக்குத் தோப்பு. தோப்புக்குள்ள சூரியன் எறங்கிட்டு இருந்துச்சு. ரெண்டு ஆடு மேஞ்சிட்டு இருந்துச்சு. கிண்ணத்தத் தூக்கினான்.

"தண்ணியே, வா!"

ஒரு ஆடு நிமுந்து பாத்துச்சு.

"வரல," அப்டின்னா ஆக்னஸ்.

இன்னும் சத்தமாக் கூப்பிட்டான். ஆடு திரும்ப மேயப் போயிருச்சு.

"வரலண்ணே."

"என்ன டீச்சர், ஆட்டுக்கே கேக்குது, தண்ணிக்குக் கேக்கலயா? கெழக்கு காத்து, தெக்க நெருப்பு, மேக்க தண்ணி, வடக்க மண்ணு. நீங்க குடுத்த பாடம்தான?"

"எனக்கு எங்க குரு குடுத்த பாடம்."

"அப்புறமென்ன?"

"எங்க குரு வீட்டுக்கு மேக்காலதான் கடல்."

கொளஞ்சி அப்படியே நின்னான். கிண்ணம் தூக்கினபடி இருந்துச்சு. முதுகுக்குப் பின்னால அலை ஒண்ணு ஒடைஞ்சுது. பொறந்ததுலேருந்து கேக்குற சத்தம். இன்னைக்குத்தான் மொதமொதலாக் கேட்ட மாதிரி இருந்துச்சு.

அப்பப் பாத்து கரையில பம்பை நின்னுச்சு. உடுக்கை நின்னுச்சு. ஐஸ்காரன் மணி கூட நின்னுச்சு.

திரும்பினான்.

கடலுக்குள்ளேருந்து நெலா வந்துட்டு இருந்துச்சு.

பாதிதான் வந்திருந்துச்சு. செவப்பா, ஊர் அகலத்துக்கு. தண்ணி சொட்டச் சொட்ட எந்திரிக்கிற மாதிரி. கரை நெடுக அத்தன சாமியும் அதப் பாத்து உக்காந்திருந்துச்சு. வாய் நெறைய மஞ்சப் பல்லோட இருந்த வீரன், குதிர மேல இருந்த அய்யனாரு, பேரு தெரியாத ஏழெட்டுக் கல்லு. அவங்களுக்குப் பின்னால ஜனம். கும்பிட்டவங்க கும்பிட்டாங்க. கும்பிடத் தெரியாத கொழந்தைங்க வாயத் தொறந்து பாத்துச்சுங்க.

பச்சையம்மா மொகத்துல வெளிச்சம் ஏறுச்சு.

இங்கிலாந்துல, ஏதோ ஒரு குளிர்ல, பேரு தெரியாத பொம்பளைங்க கைய விரிச்சுக் கூப்பிடுறது இந்த நெலாவத்தான். அது அவனுக்குத் தெரியும். பாடத்துல படிச்சிருக்கான். ஆனா இப்ப தூக்கின கை தன்னால தாந்துச்சு.

ஒரு ஜோக்கு வரும்னு பாத்தான். வரல.

அலை வந்துச்சு.

பெரிய அலை. பௌர்ணமித் தண்ணி. வட்டத்துக்குள்ள பூந்து, முட்டி வரைக்கும் ஏறி, வேட்டிய நனைச்சு, தாந்திருந்த கையோட கிண்ணத்தையும் நெரப்பிட்டுத் திரும்பிப் போச்சு.

"அண்ணே!" கரையிலேருந்து அஞ்சாப்புலி கத்தினான். "தூக்கப் போறோம்! வரியா, இல்லியா?"

கொளஞ்சி ஆக்னஸப் பாத்தான். அப்புறம் பச்சையம்மாவப் பாத்தான்.

"டீச்சர், வடக்கு இன்னும் கூப்பிடல. நடுவுல போனா நீங்க என்னயச் சேத்துக்க மாட்டீங்க."

ஆக்னஸ் அவன் கையில நெறஞ்சிருந்த கிண்ணத்தப் பாத்தா.

அவன் கண்ணத் தொடச்சான். உப்புத் தண்ணிதான். எந்த உப்புன்னு தெரியல.

"பரவால்ல. நான் போறேன். வாசல் கீறி விடுங்க."

வட்டத்துலேருந்து பாதியில போறவன் கால வச்சுத் தாண்டக் கூடாது. கோட்டுல கத்தியால ஒரு வாசல் கீறித்தான் போகணும். அது அவங்க வழியில வழக்கம்.

ஆக்னஸ் கத்திய அவன் கையில குடுத்தா.

"கோடு எங்க இருக்கோ, அங்க கீறிக்கங்க."

கொளஞ்சி குனிஞ்சான். தேடினான். ஒரு பக்கம் தேடி, மறு பக்கம் தேடி, மண்டி போட்டே தேடினான்.

ஈர மணலு. அவன் காலுக்கடியிலேருந்து பச்சையம்மா காலு வரைக்கும் ஒரே நெலா.

"கோட்டக் காணோம், டீச்சர்."

"அப்ப உள்ள வந்துட்டீங்கண்ணே."