பதினொரு லேயர் வெளிச்சம்

"டீச்சர், வெளிச்சத்த இன்னும் கூட்டணும். எப்படின்னு சொல்லுங்க."

பத்து நாளாக மாசானம் கேட்கிற ஒரே கேள்வி இதுதான்.

ஜெபக்கனி டீச்சர் எட்டிப் பார்த்தார். "இப்போ எத்தன லேயர் போட்டிருக்கீங்க அண்ணாச்சி?"

"படம் போக பதினொண்ணு."

"அம்புட்டும் வெளிச்சமா?"

"அம்புட்டும் வெளிச்சந்தான்."

டீச்சர் "ம்" என்றார். தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

குரு என்றால் தாடி வேண்டும், காவி வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இங்கேயே எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். இந்தக் குருவுக்கு வயது இருபத்தெட்டு. பாளையங்கோட்டையில் ஒரு டயர் கடைக்கு மேலே, மாடியில், ஆறு கம்ப்யூட்டர் போட்டு போட்டோஷாப் சொல்லிக்கொடுக்கிறார். அதில் படத்தைக் கண்ணாடித்தாள் அடுக்குகிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக வரைவார்கள், ஒவ்வொரு அடுக்கும் ஒரு லேயர். சீடனுக்கு ஐம்பத்தாறு. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். முழங்கால் கம்பத்தில் ஏற மாட்டேன் என்று சொன்னதும் வேலையை விட்டு வந்துவிட்டார். ஒரு இடத்தில் மங்கலாக இருக்கிறதென்றால் நாற்பது வாட்டைக் கழற்றிவிட்டு நூறு வாட் மாட்ட வேண்டும். அவருக்குத் தெரிந்த வித்தை அதுதான், முப்பது வருஷமும் அது அவரைக் கைவிட்டதில்லை.

அவர் வரைந்துகொண்டிருந்தது ஒரு லோகோ. நடுவில் சூரியன், அதன் கீழே மஞ்சளில் அவர் மனைவியின் பெயர், சுற்றிலும் ஏழு வட்டங்கள். அந்த வட்டம் ஏழும் கலர் வத்தல். பீட்ரூட் சிவப்பு, கீரைப் பச்சை, மஞ்சள், தக்காளி என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். அவர் மனைவி இசக்கியம்மாள் கூழ் காய்ச்சி, கடைச் சாயம் ஒரு சொட்டு சேர்க்காமல், மொட்டை மாடியில் காயப்போட்டு எடுக்கிற வத்தல். அதை விற்க ஒரு வெப்சைட் வரப்போகிறது, 'இசக்கியம்மாள் வத்தல்' என்ற பெயரில். வெப்சைட் செய்கிறவர்கள் லோகோவையும் தாங்களே போட்டுத் தருவதாகத்தான் சொன்னார்கள். மாசானம் ஒத்துக்கொள்ளவில்லை. அவ பேரு இருக்கிற படத்தை நான்தான் போடுவேன் என்று பிடிவாதம் பிடித்து, மவுஸைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத கையோடு வந்து சேர்ந்தார்.

பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. இசக்கியம்மாளுக்குக் கண் அழுத்த நோய். இடது கண் போயாயிற்று. வலது கண்ணில் நடுவே கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிற மாதிரி. போனது போனதுதான், இருக்கிறதும் இந்த வருஷம் தாண்டுமா என்று சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து கூழைக் கிண்டிக்கொண்டே ஒன்று மட்டும் சொன்னாள்.

"எம்பேரு போட்டு ஒண்ணு வருதுன்னா, அதக் கண்ணால ஒரு தடவ பாத்துரணும்."

அன்றிலிருந்து மாசானத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் சாயங்காலம் படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு போய் அவள் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

"தெரியுதா?"

"என்னமோ வெள்ளையா இருக்கு. கூசுதுங்க."

மறுநாள் வந்து இன்னொரு லேயர் வெளிச்சம் போடுவார். சூரியனைச் சுற்றி ஒளிவட்டம், வத்தலைச் சுற்றி ஒளிவட்டம், ஒளிவட்டத்தைச் சுற்றி ஒளிவட்டம். பதினொன்று ஆகிவிட்டது. நேற்றும் அவள் அதையேதான் சொன்னாள்.

"டீச்சர், நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லலியே" என்றார் மாசானம்.

"இங்க வாங்க அண்ணாச்சி."

டீச்சர் தன் பழைய வேலை ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். ஏதோ ஒரு புத்தகக் கடையின் வெப்சைட்டுக்குச் செய்த லோகோ. ஒரே ஒரு மின்மினிப் பூச்சி. மாசானம் குனிந்து பார்த்தவர் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பூச்சி அப்படி எரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நிஜமாகவே உயிரோடு ஒன்று உட்கார்ந்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. மானிட்டரின் பின்பக்கத்தைக்கூட ஒருமுறை பார்த்துவிட்டார், அந்த மனுஷனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

"இதுல வெளிச்சம் எந்த லேயர்ல இருக்கு?"

"கண்டுபிடிங்க" என்று டீச்சர் எழுந்து இடம் கொடுத்தார்.

ஒவ்வொரு லேயருக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு கண் படம் இருக்கும். அதைத் தட்டினால் அந்த லேயர் மறைந்துவிடும், மறுபடி தட்டினால் வரும். மாசானம் ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒன்று கருநீலம். அடுத்தது அதைவிடக் கருநீலம். அப்புறம் ஒரு புல். ஒரு சிறகு. கடைசியில் பூச்சியின் வயிறு. ஒளிவட்டம் என்று ஒன்று எங்கேயும் இல்லை.

"வயித்தோட நிறத்த எடுத்து, வெள்ளப் பக்கம் ஒண்ணு தொறந்து அதுல வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். கடுகை அரைத்து அப்பிய மாதிரி ஒரு மங்கல் மஞ்சள். நிறத்தைத் தப்பாகத் தொட்டுவிட்டோமோ என்று மறுபடி எடுத்துப் பார்த்தார். அதே மங்கல். திரும்பக் கொண்டுபோய்ப் பூச்சியின் வயிற்றில் வைத்தார். எரிந்தது.

எத்தனை வருஷம் விளக்கோடு வாழ்ந்த மனிதர். இப்படி ஒன்றை அவர் பார்த்ததே இல்லை.

"இது எப்படி டீச்சர் எரியுது? இதுல சப்ளையே இல்லியே."

"சுத்தி என்ன இருக்குன்னு பாத்தீங்கள்ல?"

"இருட்டு."

"ம்."

மாசானம் தன் இடத்துக்குப் போனார். உட்கார்ந்தார். பதினொரு லேயரையும் பார்த்தார். ஒன்றையும் தொடவில்லை. டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கால் மணி நேரம் ஆகியிருக்கும், எழுந்து வந்து டீச்சர் முன்னால் நின்றார். கண் கலங்கியிருந்தது.

"நீங்க சொல்ல வந்தது வெளங்குது டீச்சர். ஆனா என்னால முடியாது. அவளுக்குத்தான் இருட்டு நாளுக்கு நாள் வந்துகிட்டே இருக்கே. எங்கையால நான் வேற இருட்டக் கொண்டுபோய் வைக்கவா?"

டீச்சர் மின்மினிப் படத்தை மூடினார்.

"நாளைக்கு மதினியக் கூட்டிட்டு வாங்க அண்ணாச்சி."

மறுநாள் பதினோரு மணிக்கு இசக்கியம்மாள் மாடிப்படியை ஒவ்வொன்றாகக் காலால் தடவி ஏறி வந்தாள். ஒரு தூக்குவாளியில் பொரித்த வத்தல் கொண்டுவந்திருந்தாள், டீச்சருக்கு. டீச்சர் அவளை மாசானத்தின் நாற்காலியில் உட்கார வைத்தார். மாசானம் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்துக்கொண்டார். படத்தின் நகல் ஒன்று, இன்னும் பெயர் வைத்து சேவ் செய்யாதது, திரை நிறையத் திறந்திருந்தது.

"மதினி, என்ன தெரியுது?"

இசக்கியம்மாள் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தாள். மிச்சமிருக்கிற அந்தத் துவாரத்தால் திரையைத் துழாவினாள்.

"பாலக் கொட்டி வச்ச மாதிரி இருக்கும்மா. வேற ஒண்ணும் தெரியல." அப்புறம் அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "அவுக நல்லாத்தான் போட்டிருப்பாக. எங்கண்ணுதான் சரியில்ல."

மாசானம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணாச்சி ஒவ்வொண்ணா எடுப்பாங்க. எங்க நிறுத்தணும்னு நீங்க சொல்லுங்க" என்றார் டீச்சர்.

மாசானத்தின் விரல் முதல் லேயரின் கண் படத்துக்குப் போய் நின்றது. தட்ட மனசு வரவில்லை. அந்த ஒளிவட்டத்துக்கு அவர் ஒரு முழுநாள் செலவழித்திருந்தார். கடைசியில் தட்டினார். போயிற்று.

"இப்போ?"

"அப்படியேதான் இருக்கு."

இரண்டு. மூன்று. நான்கு. ஒவ்வொன்றும் போகும்போது தன் வீட்டு விளக்கையே அணைப்பதுபோல் இருந்தது அவருக்கு. ஏழாவது போனபோது இசக்கியம்மாள் கொஞ்சம் முன்னால் குனிந்தாள்.

"கூச்சம் கொறஞ்சிருக்கு."

எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. இப்போது திரையில் வெறும் சூரியனும் வத்தலும் பெயரும், வெள்ளைப் பின்னணியில்.

"வட்டமா ஏதோ இருக்கு. வெளிறிப்போய் இருக்கு" என்றாள் இசக்கியம்மாள்.

டீச்சர் கேட்டார். "மதினி, நீங்க வத்தல எந்நேரத்துக்குப் பிழிவீங்க?"

"சூரியன் வாறதுக்கு முன்னாடியேம்மா. நாலு மணிக்கு அடுப்புல கூழ வைப்பேன். மாடிக்குப் போகும்போது வானம் கருநீலமா இருக்கும். கருப்புன்னு சொல்லக்கூடாது, கருநீலம். நவாப்பழத்தப் பிட்டா தோலுக்கு உள்பக்கம் ஒரு நிறம் இருக்கும்ல, அது. அப்போ துணி வெள்ளையாத் தெரியும். பிழிஞ்ச வத்தல் ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியும். சூரியன் உச்சிக்கு வந்துட்டா எனக்கு ஒண்ணுமே தெரியாது, எல்லாம் ஒரே வெள்ளதான். காலையில அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குக் கண்ணு இருக்கு."

மாசானம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் இதைக் கேட்டதில்லை. அவர் எழுந்திருக்கும்போது மாடியில் வத்தல் பாதி காய்ந்திருக்கும்.

அவர் டீச்சரிடம் எதுவும் கேட்கவில்லை. புது லேயர் ஒன்றைத் திறந்து சூரியனுக்கும் வத்தலுக்கும் கீழே போட்டார். நிறத்தை எடுத்தார்.

"இதுவா?"

"இன்னும் கொஞ்சம் நீலம்."

"இதுவா?"

"இன்னும் கொஞ்சம் கருப்பு. ம். அதான்."

அந்த நிறத்தைப் பின்னணி முழுக்க ஊற்றினார்.

என்ன நடந்தது என்று சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை. சூரியன் வந்தது, அவ்வளவுதான். நேற்று இருந்த அதே சூரியன், அதே மஞ்சள், ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனால் அது இப்போது எழுந்து வந்து நின்றது. சுற்றிலும் ஏழு வத்தலும் ஒவ்வொரு நிறத்தில் கனன்றன. எத்தனை மாணவர் படத்தைப் பார்த்த டீச்சரே மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

இசக்கியம்மாள் மூச்சை இழுத்தாள். வெகுநேரம் விடவில்லை.

"வந்துட்டு" என்றாள்.

பிறகு விரலை நீட்டி, திரையைத் தொடாமல், ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினாள். "இது பீட்ரூட். இது கீர. இது தக்காளி. ஏங்க, இந்த மஞ்சள் ஒண்ணு ஓரத்துல பிஞ்சிருக்கே."

மாசானம் உற்றுப் பார்த்தார். ஆமாம், ஓரத்தில் நூலளவு ஒரு பிசிறு. வரையும்போது கை தவறியிருக்கிறது. அவரும் பார்க்கவில்லை, டீச்சரும் பார்க்கவில்லை.

"சரி பண்ணிருதேன்" என்றார்.

"வேண்டாம், இருக்கட்டும். நெசமான வத்தல் அப்படித்தான் இருக்கும்." அவள் கண்ணை எடுக்கவேயில்லை. சூரியனுக்குக் கீழே இருந்த தன் பெயரை எழுத்து எழுத்தாக, உதடு அசைய, வாசித்தாள். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

மாசானத்துக்குப் படபடவென்று வந்தது. லைன்மேன் புத்தி. டீச்சர் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்.

"டீச்சர், இந்தப் பக்கத்து லைன் சொல்லாமக் கொள்ளாம ட்ரிப் ஆவும். நான் இன்னும் சேவ் பண்ணல. கரண்டு போச்சுன்னா இம்புட்டும் போயிரும். பண்ணிரட்டா?"

அவர் கை விசைப்பலகையை நோக்கிப் போனது. டீச்சர் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார்.

"சேவ் குடுத்தா பேரு கேட்டு நடுவுல ஒரு பெட்டி வந்து படத்த மறைக்கும் அண்ணாச்சி. போனாப் போகட்டும், திரும்பச் செஞ்சுக்கலாம். மதினி இன்னும் பாத்து முடிக்கல."