செங்காலன் நொண்டிய நாள்

ஓர் ஏரியில், கோரைப்புல் ஓரமாக, செங்காலன் என்ற காட்டு வாத்தும் அவன் மனைவி மணிச்சிறகியும் குடியிருந்தார்கள். அந்த ஏரியிலேயே உயரப் பறப்பவன் செங்காலன்தான். அந்தப் பெருமை அவனுக்குக் கொஞ்சநஞ்சமல்ல. மதகின் மேல் வந்து இறங்கும்போதெல்லாம், நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு ஏரியில் நீந்தும் நாமக்கோழிகள் தன்னைப் பார்க்கின்றனவா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வான்.

மணிச்சிறகிக்கு வேறொரு வித்தை தெரியும். நரி வந்துவிட்டால் ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு, அது முறிந்துவிட்டதுபோல நொண்டுவாள். எளிதாகக் கிடைக்கிறதே என்று நரி குஞ்சுகளை மறந்து அவள் பின்னால் ஓடும். வெகுதூரம் இழுத்துக்கொண்டு போய், வாய்க்கு எட்டும் நேரத்தில் ஜிவ்வென்று பறந்துவிடுவாள். அவளும் ஒருகாலத்தில் தன் அம்மா நொண்டியதால் பிழைத்தவள்தான்.

செங்காலனுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. போன வருஷம் அவள் நொண்டியதைப் பார்த்த ஒரு நாமக்கோழி, பெரிய வீட்டு வாத்துக்கு வாதம் வந்துவிட்டது என்று ஏரி முழுக்கச் சொல்லிச் சிரித்தது. அது அவன் மனசில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. இந்த வருஷம் குஞ்சுகள் பொரித்து, மணிச்சிறகி நொண்டி நடையைச் சொல்லிக்கொடுக்க வாயெடுத்ததுமே தடுத்துவிட்டான்.

"பிள்ளைங்களுக்கு இதெல்லாம் சொல்லாதே. அப்பா பறக்கிறதை மட்டும் பார்த்து வளரட்டும்."

"நரி வந்தா என்னங்க செய்றது?"

"நான் இருக்கேன்ல, பார்த்துக்கிறேன்."

அவளும் வாதாடிப் பார்த்தாள். பிறகு வீட்டில் சண்டை எதற்கு என்று விட்டுவிட்டாள். நரி வந்தால் கோரைக்குள் ஒளிந்துகொள்ளுங்கள் என்பதோடு குஞ்சுகளின் பாடம் முடிந்தது.

கோடை முற்றி ஏரி சுருங்கியது. கோரைக்கும் தண்ணீருக்கும் நடுவே அகலமாகச் சேற்றுத் தரை கிடந்தது. ஒரு மத்தியானம் மணிச்சிறகி வயல் பக்கம் மேயப் போயிருந்தபோது, கருவேலங்காட்டிலிருந்து நரி இறங்கி வந்தது. குஞ்சுகள் கோரைக்குள் பாய்ந்தன. நரி மோப்பம் பிடித்துக்கொண்டு நேராக அங்கேயே போனது.

செங்காலன் பறந்தான். நரியின் தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்தினான், சிறகால் அறைந்தான். நரி அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. பறக்கிற வாத்தால் அதற்கு என்ன பிரயோஜனம்? அது கோரையை விலக்கிக்கொண்டே இருந்தது.

தண்ணீரில் நாமக்கோழிகள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தன. செங்காலன் அவற்றை ஒரு தடவை பார்த்தான். பிறகு அத்தனை பேர் கண் முன்னாலும் சேற்றில் பொத்தென்று விழுந்தான்.

நொண்டினான். பழக்கமில்லாததால் முதலில் இடது சிறகை இழுத்தான், அப்புறம் மறந்துபோய் வலது சிறகை இழுத்தான். நல்லவேளை, நரிக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது, சிறகைக் கவனிக்கவில்லை. அவன் பின்னாலேயே வந்தது. இவ்வளவுதானா என்று செங்காலனுக்குச் சந்தோஷம்கூட வந்தது.

"அப்பா."

திரும்பிப் பார்த்தான். கோரைக்குள்ளிருந்து குஞ்சுகள் எல்லாம் அழுதுகொண்டே அவனை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தன. அப்பா விழுவது வெறும் நடிப்பாக இருக்கலாம் என்று அவற்றுக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல விடாதவனே அவன்தான். போங்க, உள்ளே போங்க என்று கத்தினான். அப்பா வலியில் கத்துகிறார் என்று அவை இன்னும் வேகமாக வந்தன.

நரியும் திரும்பிப் பார்த்தது.

இனி தூரத்தில் நொண்டிப் பலனில்லை. செங்காலன் நேராக நரியின் மூக்குக்கடியில் போய் விழுந்தான். நரி கவ்வியது. அதே நேரம் தண்ணீரிலிருந்து மணிச்சிறகியின் குரல் கேட்டது. பறந்து வந்து இறங்கியவள் ஓயாமல் கூப்பிட்டாள். அம்மா குரல் என்றதும் குஞ்சுகள் திசை மாறி ஓடித் தொபுதொபுவென்று தண்ணீரில் விழுந்தன.

நரியின் வாயில் வால் இறகுகள்தான் மிஞ்சின. செங்காலன் கோணல்மாணலாகப் பறந்து வந்து குஞ்சுகளுக்கு நடுவே விழுந்தான். மணிச்சிறகி அவன் கழுத்துச் சேற்றை அலகால் கோதிவிட்டாள்.

"தப்பு என்னோடதுதான்," என்றான் அவன்.

மறுநாள் காலை, சேற்றுத் தரையில் நொண்டிப் பாடம் நடந்தது. வாலில்லாத செங்காலன் முன்னால் நொண்டினான், குஞ்சுகள் வரிசையாகப் பின்னால் நொண்டின. நாமக்கோழிகள் பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டான்.

கடைக்குட்டி நின்றது. "அப்பா, நீங்க நிஜமாவே விழுந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

செங்காலன் நொண்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"தெரியாது கண்ணு. அப்பவும் நீங்க தண்ணிக்குத்தான் ஓடணும்."

கடைக்குட்டி தலையாட்டிவிட்டு, சிறகைத் தாழ்த்திக்கொண்டு வரிசையில் சேர்ந்தது. போன வருஷம் சிரித்த நாமக்கோழி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அது மெல்லக் கரையேறி வந்து, தன் குஞ்சுகளையும் அந்த வரிசையின் கடைசியில் நிறுத்திவிட்டுப் போனது.