விரலைத் தேடிக் கொடுங்க

நார் மில் மெஷின் மயிலாத்தாளின் வலது பெருவிரலைத் தின்ற மூன்றாம் நாள், முதலாளி சென்னியப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மெஷினுக்கு ஒரு மூடி போட வக்கில்லாத அந்த மகராசன், மறக்காமல் மை டப்பாவும் எழுதிய காகிதமும் கொண்டுவந்திருந்தார். விசாரிக்க வந்த ஏட்டும் கட்டிலருகே நின்றிருந்தார்.

"வீட்டுல தேங்காய் வெட்டறப்ப அருவா பட்டதுன்னு எழுதியிருக்குது. கைநாட்டு வை" என்று காகிதத்தை நீட்டினார் சென்னியப்பன்.

வைத்துவிட்டால் நஷ்டஈடு என்று அவள் வாயே திறக்க முடியாது. மயிலாத்தாள் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.

"வெக்கறனுங்க. ஆனா பொம்பளைக்கு வலது கை நாட்டுத்தானுங்களே? கூலி வாங்கறப்ப இடது கையை நீட்டுனா நீங்கதானே தட்டி விடுவீங்க? அந்த விரலைத்தான் காணோமுங்க. வீட்டுல வெட்டுப்பட்டிருந்தா அங்கதானே கெடக்கோணும்? ஆளை விட்டுத் தேடி எடுத்துத் தாங்க. அதுலயே மையைத் தடவி வெச்சுக்கலாம்."

வார்டே சிரித்தது. சென்னியப்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"உன் வீட்டுல எதுக்குடி தேடறது? அது அன்னைக்கே என் மெஷினுக்குள்ள நாரோட நாராப் போயிருச்சு!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஏட்டின் பேனா அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது.

"அப்படியே எழுதுங்க ஏட்டய்யா. நஷ்டஈடு கேட்டுப் போறப்ப எனக்கு அதுதான் ஆதாரம்" என்றாள் மயிலாத்தாள். "மை டப்பா இங்கயே இருக்குது. நீங்க எழுதுனதுக்குக் கைநாட்டை அவரே வெக்கட்டும். அவருக்குத்தான் பத்து விரலும் இருக்குதே!"