பூனைப் பொந்துக்குப் பதினோரு படி எண்ணெய்

அன்று புளியங்கோட்டை அரசவையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசர் கொடைவல்லபர் ஒருவர். அமைச்சர் ஒருவர். விகடர் குழைக்காதர் ஒருவர். சாமரம் வீசுவோர் இருவர். மேலவீதிச் சபைத் தலைவர் மகுடபதியார் ஒருவர். அவர் கையோடு கூட்டிவந்த தச்சர் ஒருவர். வீதிக்காரர்கள் இருபது பேர். முறுக்கு சுட்டு விற்கும் ஆவுடைத்தங்கம் ஒருத்தி. ஆக இருபத்தெட்டு. ஆவுடைத்தங்கத்தின் கூடையில் இருந்த பூனையையும் சேர்த்தால் இருபத்தொன்பது.

அரசரை வெறுங்கையோடு பார்க்கக் கூடாது என்று ஆவுடைத்தங்கம் ஒரு தூக்கு நிறைய முறுக்கு கொண்டுவந்திருந்தாள். எண்ணி ஐம்பது. அதை அரசரின் காலடியில் வைத்தாள். வைத்த கையை எடுப்பதற்குள் தூக்கு குழைக்காதரின் மடிக்குப் போய்விட்டது.

மகுடபதியார் விதிச்சுவடியைப் பிரித்தார்.

"மகாராசா, மேலவீதியில் வீடு இருபத்திரண்டு. தெருவிளக்குக்காக வாசல் ஒன்றுக்கு மாதம் ஒரு படி எண்ணெய் தர வேண்டும். இந்த அம்மாள் வீட்டுக்கு வாசல் இரண்டு. ஒன்றுக்குத்தான் தருகிறாள். பதினோரு மாதப் பாக்கி, பதினோரு படி. போதாததற்கு இவள் முறுக்கு வாசம் மூன்று வீடு தாண்டுகிறது. அது விதி பதினேழுக்கு விரோதம்."

"ஐயா, எனக்கு ஏது இரண்டாவது வாசல்?" என்றாள் ஆவுடைத்தங்கம். "கதவுக்குக் கீழே பூனை போக ஒரு பொந்து. எலி மாவைத் தின்றால் என் பிழைப்பு என்ன ஆகும்?"

"பாக்கி வைத்தால் கதவைக் கழற்றுவோம். மூன்று நாள் கதவில்லாத வீடு சபைக்குச் சொந்தம். தச்சரும் தயார்!" என்றார் மகுடபதியார்.

அவருடைய மருமகனுக்கு வீடு தேவைப்படுவது இருபது வீட்டுக்காரர்களுக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆவுடைத்தங்கம் பூனைக்கூடையை மார்போடு அணைத்துக்கொண்டாள். இந்த உலகத்தில் அவளுக்கு இருப்பது அந்த ஒரு வீடும் இந்த ஒரு பூனையும்தான்.

குழைக்காதர் முறுக்கைக் கடித்தார். "தலைவரே, வாசல் என்றால் என்ன?"

"எதன் வழியாக ஓர் உயிர் உள்ளே போய் வெளியே வருகிறதோ அது வாசல். விதி நான்கு. நானே எழுதியது."

"அடடா! என்ன தெளிவு! இது எல்லா வீட்டுக்கும் பொதுவா?"

"யார் வீடானாலும் சரி! வீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நானே நடந்து, ஒவ்வொரு வாசலையும் இந்தத் தடியால் தட்டி எண்ணியிருக்கிறேன்."

"பாக்கிக்காரர் யாரானாலும் கதவைக் கழற்றுவீரா?"

"இன்றைக்கே கழற்றுவோம்!"

"மகாராசா, இவ்வளவு நேர்த்தியான விதிக்கு முத்திரை வைக்காமல் விடலாமா?" என்றார் குழைக்காதர்.

ஆவுடைத்தங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவி மனுஷன்! என் முறுக்கைத் தின்றுகொண்டே என் கதவைக் கழற்றச் சொல்கிறானே! இதுவரை பதினான்கு தின்றாயிற்று. அவள் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

அரசர் ஒரு முறுக்கை எட்டி எடுத்துக்கொண்டு, மறு கையால் முத்திரை வைத்தார்.

"வாருங்கள், கழற்றப் போவோம்!" என்று குழைக்காதர் தூக்கோடு எழுந்தார். அவை முழுவதும் பின்னால் கிளம்பியது. பூனையும் கூடைக்குள் இருந்தபடி கத்திக்கொண்டே வந்தது.

மேலவீதியின் முதல் வீடு மகுடபதியாருடையது. யாளி செதுக்கிய பெரிய கதவு. அதற்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில், சுவரோடு சேர்த்துக் கட்டிய, வரிசை வரிசையாகப் பொந்து வைத்த புறாமாடம். குழைக்காதர் நின்றார். அண்ணாந்து பார்த்தார்.

"ஒன்று, இரண்டு, மூன்று..."

"என்ன ஐயா எண்ணுகிறீர்?"

"குறுக்கே பேசாதீர், விட்டுப்போகும். பதினாறு, பதினேழு..."

மகுடபதியார் தடியைப் பார்த்தார். மாடத்தைப் பார்த்தார். மறுபடியும் தடியைப் பார்த்தார். அத்தனை வருடக் கணக்கில் தடி எட்டாத உயரத்தை அவர் எண்ணியதே இல்லை.

"எண்பத்து நான்கு!" என்றார் குழைக்காதர். "பெரிய கதவுக்குக் கொடுத்துவிட்டீர், அதை விடுவோம். மாடத்துக்குப் பதினோரு மாதம் மட்டும் போட்டாலும் தொள்ளாயிரத்து இருபத்து நான்கு படி. தச்சரே, உளியை எடும்!"

"ஐயோ! அது புறா ஐயா! புறா வேறு, பூனை வேறு!"

"புறாவுக்கு உயிர் இல்லையா?"

அந்த நேரம் பார்த்து மேலே ஒரு புறா சிறகடித்தது. அமைச்சரின் தலைப்பாகையில் சொத்தென்று ஏதோ விழுந்தது.

"இருக்கிறது," என்றார் அமைச்சர்.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீதியிலேயே உட்கார்ந்துவிட்டார். தச்சர் யாளிக்கதவின் கீலில் உளியை வைத்தார். யாருக்கு வேலை என்றாலும் அவருக்குக் கூலி ஒன்றுதானே!

"நிறுத்து! நிறுத்து!" என்று கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார் மகுடபதியார். "மனிதர் போய்வருவதுதான் வாசல்! மற்றதெல்லாம் பொந்து! வெறும் பொந்து!"

"அரசர் முத்திரை வைத்த விதியாயிற்றே?"

"எழுதினவன் நான், தப்பாக எழுதிவிட்டேன்! அடித்துவிடுங்கள் மகாராசா!"

"அப்படியென்றால் பூனை போவது?"

"பொந்து!"

"அந்தப் பதினோரு படி?"

"கேட்டது என் தப்பு!"

வாய் மூடியிருந்த இருபது வீட்டுக்காரர்களும் இப்போது 'ஓ' என்று கூவினார்கள். அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "விதி நான்கை அடித்தாயிற்று. மகுடபதியாரே, வாயில்லாப் பூனையிடம் வரி கேட்டதற்கு, அதே பதினோரு படி எண்ணெயை நீர் இந்த அம்மாள் வீட்டில் கொண்டுபோய் ஊற்றும். குழைக்காதரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"காலையிலிருந்து அதைத்தானே தின்றுகொண்டிருக்கிறேன்!" என்று குழைக்காதர் தூக்கை ஆவுடைத்தங்கத்திடம் நீட்டினார்.

அவள் பூனையைத் தன் கதவருகே இறக்கிவிட்டாள். அது பொந்து வழியாக உள்ளே போயிற்று. அவள் கதவைத் திறந்து, நிலைப்படியில் உட்கார்ந்து, தூக்கைக் கவிழ்த்து எண்ணினாள். கொண்டுபோனது ஐம்பது. குழைக்காதர் தின்றது முப்பத்தொன்று. அரசர் ஒன்பது. தச்சர் இரண்டு. அமைச்சர் தலைப்பாகை அலசப் போய்விட்டதால் அவருக்கு ஒன்றுமில்லை. விதி பதினேழைப் போட்ட மகுடபதியார், எண்ணெய் ஊற்ற வந்த இடத்தில் வாசம் தாங்காமல் ஐந்து.

மிச்சம் மூன்று.